இங்கிலாந்தின் வயல்வெளிப் பில்பாக்ஸ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் நடந்தாலோ கால்வாய்க் கரையோரம் சைக்கிளில் போனாலோ, புதருக்குள் பாதி மறைந்த ஒரு கான்கிரீட் பெட்டி எப்படியும் கண்ணில் படும். தட்டையான கூரை, சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே ஆட்டுப் புழுக்கை. இது என்ன, யார் கட்டியது, உள்ளே போகலாமா, என் நிலத்தில் இருந்தால் இடிக்கலாமா என்று பலரும் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

பில்பாக்ஸ் என்றால் என்ன?

உள்ளிருந்து சுடுவதற்காகக் கட்டிய சிறு கான்கிரீட் அரண். அந்தக் காலத்து மாத்திரை டப்பாவைப் போல இருந்ததால் ஆங்கிலத்தில் இந்தப் பெயர். முதல் உலகப் போரிலேயே இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இலங்கைத் தமிழில் காப்பரண் என்றால் உடனே புரியும். பங்கர் என்றும் சிலர் சொல்வார்கள், ஆனால் பங்கர் பெரும்பாலும் மண்ணுக்கடியில் பதுங்கும் இடம். பில்பாக்ஸ் தரைக்கு மேல் நின்று சுடும் இடம். சுவரில் உள்ள ஓட்டையை இங்கே சுடுதுளை என்று சொல்கிறோம்.

இன்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை 1940 ஜூன் முதல் சில மாதங்களுக்குள் எழுந்தவை. நார்ஃபோக் போன்ற சில இடங்களில் முதல் உலகப் போர்க்கால அரண்களும் உண்டு. அவை வட்டமாக, அச்சில் வார்த்த கான்கிரீட் கற்களை அடுக்கிக் கட்டியவை. 1940ஆம் ஆண்டு அரணின் சுவர் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக இருக்கும். கல் அடுக்கிய கோடு தெரிந்தால் முதலில் 1914-18 காலத்தை நினையுங்கள்.

கடற்கரையில் இருந்தால் புரிகிறது. கடலே தெரியாத வயலுக்கு நடுவில் எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

1940-இல் ஜெர்மானியர் பிரான்ஸுக்குள் முன்னேற, அங்குள்ள டன்கர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படை திரும்பியபோது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், ஆயுதங்கள் வரவில்லை. 2,400-க்கும் மேற்பட்ட பீரங்கிகள் பிரான்ஸிலேயே கிடந்தன. எதிரி டாங்கியைத் துரத்திப் போய் அடிக்க வாகனமும் இல்லை. உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக 1940 மே 27 அன்று பொறுப்பேற்ற ஜெனரல் எட்மண்ட் அயர்ன்சைட், இருப்பதை வைத்து ஒரு திட்டம் போட்டார். கடற்கரையில் மெல்லிய ஓடு மாதிரி ஒரு காவல். அதை உடைத்துக்கொண்டு எதிரி உள்ளே வந்தால் லண்டனையும் மிட்லண்ட்ஸ் தொழிற்பேட்டைகளையும் எட்டுவதற்குள் வேகத்தைக் குறைக்க, உள்நாட்டில் வரிசை வரிசையாகத் தடுப்புக் கோடுகள். அதில் முக்கியமானது ஜி.எச்.க்யூ. கோடு, அதாவது ராணுவத் தலைமையகத்தின் கோடு. சோமர்செட்டில் தொடங்கி, கென்னட்-ஏவன் கால்வாயை ஒட்டிக் கிழக்கே வந்து, லண்டனுக்குத் தெற்கே வளைந்து, மெட்வே ஆற்றைப் பிடித்து, தேம்ஸைத் தாண்டி எஸ்ஸெக்ஸ் வழியே வடக்கே ஏறும். இதைத் தவிர டான்டன் கோடு போன்ற கிளைக் கோடுகள் பல. டான்டன் கோடு தெற்கே சீட்டன் கடற்கரையிலிருந்து வடக்கே பிரிஸ்டல் கால்வாய்க் கடல் வரை, ஏறத்தாழ 80 கி.மீ. நீளம்.

டாங்கியைத் தடுக்கப் புதிதாகப் பள்ளம் வெட்ட நேரமில்லை. அதனால் ஏற்கெனவே உள்ள ஆறு, கால்வாய், ரயில் பாதையின் மேடு ஆகியவற்றையே கோடாக எடுத்துக்கொண்டார்கள். பள்ளம் வெட்டியது அப்படி எந்தத் தடையும் இல்லாத இடங்களில் மட்டும். ஆக, வயல் நடுவே ஒரு பெட்டியைக் கண்டால் அதைச் சுற்றி 300 மீட்டருக்குள் தேடுங்கள். ஒரு பாலம், ஆழமில்லாத ஆற்றுத்துறை, கால்வாய் மடை, ரயில் பாதையைக் கடக்கும் இடம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பெட்டி காவல் காத்தது அதைத்தான்.

எத்தனை கட்டினார்கள்? எத்தனை மிச்சம்?

பிரிட்டன் முழுவதும் பில்பாக்ஸும் அதைப் போன்ற வலுவான அரண்களும் சேர்த்துச் சுமார் 28,000 கட்டியதாகக் கணக்கு. அவற்றில் ஏறத்தாழ 6,500 எஞ்சியிருக்கின்றன. 1995 முதல் 2002 வரை பிரிட்டிஷ் தொல்லியல் கவுன்சில் நடத்திய ‘டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் ஊர் ஊராக நடந்து, எல்லா வகைப் பாதுகாப்புக் கட்டுமானங்களுக்குமாக ஏறத்தாழ 20,000 பதிவுகள் எடுத்தார்கள். அந்தத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் ‘உள்ளது’ என்று இருப்பது இன்று இல்லாமல் போயிருக்கலாம். இருபது வருடத்தில் கடல் தின்றதும் புல்டோசர் தின்றதும் உண்டு.

டைப் 22, டைப் 24 என்கிறார்களே, பார்த்தவுடன் எப்படித் தெரிந்துகொள்வது?

போர் அமைச்சகத்தின் எஃப்.டபிள்யூ.3 என்ற கட்டுமானப் பிரிவு 1940 கோடையில் சில மாதிரி வரைபடங்களை அனுப்பியது. எண்கள் அங்கிருந்து வந்தவை. முதலில் சுவர்களை எண்ணுங்கள், பிறகு வாசல் உள்ள சுவரை அளங்கள்.

ஆறு பக்கம், ஆறும் சம நீளம் என்றால் டைப் 22. ஆறு பக்கம், ஆனால் வாசல் உள்ள பின்சுவர் மட்டும் மற்றவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றால் டைப் 24. பின்சுவர் 14 அடி அளவில் இருக்கும், மற்றவை ஏழெட்டு அடி. வாசலுக்கு இருபுறமும் ஒரு சிறு சுடுதுளை இருப்பது இதற்கு இன்னோர் அடையாளம். நீங்கள் பார்க்கப் போவதில் அதிகம் இந்த 24தான்.

சதுரமாக, ஒரு பக்கம் 10 அடி என்றால் டைப் 26. நீள்சதுரமாக, பாதிக்குக் கூரை போட்டு மறுபாதி வானம் பார்த்துத் திறந்திருந்தால் டைப் 23. திறந்த பாதியில் விமானத்தைச் சுடும் இலகு ரக இயந்திரத் துப்பாக்கியை நிறுத்துவார்கள். லிங்கன்ஷயர் பக்கம் இது சாதாரணம். எட்டுப் பக்கமும் நடுவில் கிணறு மாதிரித் திறப்பும் இருந்தால் டைப் 27, பெரும்பாலும் விமானத் தளத்தை ஒட்டி இருக்கும். வட்டமாக, 8 அடி விட்டத்தில், சுவரில் அலை அலையாகத் தகரத்தின் தடம் தெரிந்தால் டைப் 25. நெளி இரும்புத் தகடுகளையே அச்சாக வைத்து வார்த்தது அது.

மிகப் பெரியது டைப் 28. சுமார் 20 அடிக்கு 19 அடி, முன்னால் அகலமான பெரிய திறப்பு, பின்னால் பீரங்கியை உருட்டி உள்ளே கொண்டுவரும் அளவுக்கு வாசல். 2 பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்காகக் கட்டியது. அந்தப் பீரங்கியே அப்போது பற்றாக்குறை என்பதால், முதல் உலகப் போர் டாங்கிகளிலிருந்து கழற்றிய பழைய 6 பவுண்டர் ஹாட்ச்கிஸையும் பொருத்த வசதி வைத்தார்கள். தரையைப் பெருக்கிப் பாருங்கள். 2 பவுண்டரின் கால்கள் உட்காரும் மூன்று குழிகளோ, ஹாட்ச்கிஸின் பீடத்தைப் பிணைத்த ஒன்பது போல்ட்டுகளின் வட்டமோ தெரியும். பக்கத்தில் காலாட்படைக்குத் தனி அறை சேர்த்திருந்தால் அது 28ஏ.

எண்ணுக்குள் அடங்காதவையும் ஏராளம். வரைபடம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒவ்வோர் ஒப்பந்தக்காரரும் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். நார்தம்பர்லாந்தில் சப்பையான வைர வடிவம், லிங்கன்ஷயரில் மூன்று அறை அரண் என்று வட்டாரத்துக்கு ஒரு கைவண்ணம். எண்ணில் பொருந்தாததைப் பிடித்து இழுத்து ஓர் எண்ணுக்குள் திணிக்க வேண்டாம். ‘டைப் 24 போன்றது, வலப்பக்கச் சுவர் நீளம்’ என்று எழுதுவது ‘டைப் 24’ என்று தப்பாக எழுதுவதைவிடப் பயனுள்ளது.

சுவரின் கனம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

இரண்டு தரம் இருந்தது. 12 அங்குலம், அதாவது 30 செ.மீ., துப்பாக்கிக் குண்டைத் தாங்கும். 42 அங்குலம், கிட்டத்தட்ட 107 செ.மீ., பீரங்கிக் குண்டைத் தாங்கும். கனத்தைச் சுடுதுளையின் ஓரத்தில் வைத்து அளப்பது எளிது. வெளியே செங்கல் உறை இருந்தால் அதைக் கழித்துவிட்டுக் கான்கிரீட்டை மட்டும் எழுதுங்கள், அல்லது இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். முக்கியமான பாலத்தருகே தடித்த சுவரும் ஒதுக்குப்புறத்தில் மெல்லிய சுவரும் இருப்பது வழக்கம். சிமென்ட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது.

உள்ளே நடுவில் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறதே?

மேலிருந்து பார்த்தால் ‘ஒய்’ அல்லது ‘டி’ எழுத்து வடிவில் இருக்கும் அந்தச் சுவர், ஓட்டை வழியே உள்ளே நுழைந்த குண்டு சுவருக்குச் சுவர் தெறித்து எல்லாரையும் அடிக்காமல் இருப்பதற்கு. கூரையைத் தாங்கும் வேலையும் அதற்கு உண்டு. பெரும்பாலும் செங்கல். சில இடங்களில் பிற்காலத்தில் மாட்டை உள்ளே கட்ட இதை இடித்துவிட்டார்கள். தரையில் ‘ஒய்’ வடிவத் தடம் மட்டும் மிஞ்சியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி இடித்த பெட்டியின் கூரையில் நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே நிற்காதீர்கள்.

கட்டியது ராணுவமா?

இடத்தைத் தேர்ந்ததும் மேற்பார்வை பார்த்ததும் ராணுவப் பொறியாளர்கள். கட்டியது பெரும்பாலும் உள்ளூர் சிவில் ஒப்பந்தக்காரர்கள். தரை வெட்டி, அடித்தளம் போட்டு, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, ஜல்லிக் கலவை ஊற்றி, கூரைக்கு மறுபடி சென்ட்ரிங் அடிப்பது என்று வீடு கட்டும் அதே முறைதான். அச்சு எதனால் ஆனது என்பது இன்றும் சுவரில் தெரியும். பலகையானால் மரத்தின் ரேகை கான்கிரீட்டில் பதிந்திருக்கும். பலகை கிடைக்காதபோது உள்ளும் புறமும் செங்கல் சுவர் எழுப்பி நடுவில் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். செங்கல்லே அச்சு, கழற்ற வேண்டியதில்லை. இன்று செங்கல் பில்பாக்ஸ் என்று பலர் நினைப்பது இதைத்தான். ஒரு மூலையில் செங்கல் உதிர்ந்த இடத்தைப் பாருங்கள், உள்ளே கான்கிரீட் பல்லிளிக்கும். கடற்கரைப் பக்கம் கட்டியவற்றில் உருண்டைக் கூழாங்கல்லும் சிப்பி ஓடும் தெரிவதுண்டு. கையெட்டும் தூரத்தில் கிடைத்ததை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அதன் பலன் பின்னால் வருகிறது.

எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று எதிர்பார்த்தார்கள் என்பதை எப்படி அறிவது?

வாசல் பொதுவாக எதிரிக்கு முதுகு காட்டும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் முகம். வாசலுக்கு வெளியே தனியாகவோ ஒட்டியோ ஒரு மறைப்புச் சுவர் நின்றால், அந்தப் பக்கமும் அடி விழலாம் என்று பயந்திருக்கிறார்கள்.

பிறகு ஒவ்வொரு சுடுதுளைக்கும் பின்னால் குனிந்து வெளியே பாருங்கள். ரைஃபிளுக்கான துளை சிறியது. பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கானதில் துளைக்குக் கீழே உட்புறம் ஒரு கான்கிரீட் திண்டு இருக்கும், துப்பாக்கியின் கால்களும் சுடுபவரின் முழங்கையும் ஊன்ற. துளையின் இருபுறமும் இரும்புச் சட்டம் பதித்திருந்தால் அது இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தும் டர்ன்புல் தாங்கியாக இருக்கலாம். பக்கச் சுவர்கள் படிப்படியாக ஒடுங்குவது அழகுக்கல்ல. சாய்வாக விட்டால் வெளியே பட்ட குண்டு புனலில் விழுந்த மாதிரி உள்ளே வழுக்கி வரும், படி வைத்தால் அங்கேயே நின்றுவிடும்.

இன்று துளை வழியே ஒரு மரக் கூட்டமோ குடியிருப்போ தெரிந்தால் குழம்ப வேண்டாம். 1940-இல் அது வெட்டவெளி. 1940-களில் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் அந்த இடத்தைப் பார்த்தால் எந்தச் சாலையைக் குறிவைத்தது என்பது பளிச்சென்று தெரியும்.

பெரிய பெரிய கான்கிரீட் கட்டைகள் வரிசையாகக் கிடக்கின்றனவே?

டாங்கித் தடைகள். பக்கத்துக்கு 5 அடி உள்ள கனசதுரம் சாதாரணம். கணக்குப் போட்டால் 125 கன அடி, சுமார் எட்டரை டன். டாங்கி தள்ளினால் நகராது, ஏறப் பார்த்தால் அடிவயிற்றைக் காட்டும், அப்போது அதைச் சுடலாம். சஃபோக்கில் மின்ஸ்மியர் கடற்கரையிலும் நார்தம்பர்லாந்தில் ட்ரூரிட்ஜ் வளைகுடாவிலும் இவற்றைப் பார்க்கலாம். உச்சி வெட்டிய பிரமிடு வடிவத்துக்கு ‘டிராகன் பல்’ என்று செல்லப்பெயர். பீப்பாய் மாதிரி உருளைகளை உருட்டிக்கொண்டு போய்ச் சாலையை மறிப்பார்கள்.

பழைய பாலத்தின் மேல் சாலையில் சதுரக் குழிகளை மூடிய தடம் தெரிந்தால், அது ரயில் தண்டவாளத் துண்டுகளைச் செருகி வழி மறித்த இடம். வண்டி போகும் நேரத்தில் குழிக்கு மூடி, தேவைப்பட்டால் மூடியைத் தூக்கித் தண்டவாளத்தை இறக்குவார்கள். தார் மேல் தார் போட்டுப் பெரும்பாலானவை மறைந்துவிட்டன.

குட்டைத் தூண், தலையில் துருப்பிடிக்காத எஃகு முளை. அது என்ன?

1941-இல் வந்த பிளாக்கர் பாம்பார்டு என்ற 29 மி.மீ. குண்டெறியின் பீடம். அந்த முளையின் மேல்தான் ஆயுதம் உட்கார்ந்து சுற்றும். சுற்றிலும் வட்டக் குழி இருந்தது, இப்போது மண் மூடித் தூணின் தலை மட்டும் தெரியலாம். எண்பது வருடம் மழையில் நின்றும் முளை பளபளப்பதைப் பார்த்தால், சுவருக்கு நல்ல கம்பி கிடைக்காத நாட்டில் இதற்கு மட்டும் இப்படியோர் எஃகா என்று தோன்றும்.

மாறுவேடம் போட்ட அரண்கள் உண்மையா?

உண்மை. ட்ரூரிட்ஜ் வளைகுடாவில் ஹெம்ஸ்காட் ஹில் என்ற இடத்தில் இடிந்த குடிசை போலவே ஓர் அரண் நிற்கிறது. சுவரும் ஜன்னலும் பொய், உள்ளே கான்கிரீட். சஸ்ஸெக்ஸில் பெவன்சி கோட்டையின் ரோமானியச் சுவரிலும் இடைக்காலக் கோட்டையின் இடிபாடுகளிலும் 1940-இல் இயந்திரத் துப்பாக்கி அரண்களை அதே கல்லால் முகம் போட்டு ஒளித்தார்கள். நூறு பேர் கடந்து போனால் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வழி: இடிபாட்டுக்கு நடுவே சீரான நீள்சதுரத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். இடிந்த சுவரில் நேர்கோடு தானாக வராது.

விமானத் தளத்தில் தரையோடு தரையாக ஒரு வட்ட மூடி இருக்கிறது.

பிக்கெட்-ஹாமில்டன் கோட்டையாக இருக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கான்கிரீட் உருளைகள். விமானம் ஓடும்போது தரைமட்டத்தில் கிடக்கும், எதிரி இறங்கினால் உள் உருளையை ஜாக்கியால் மேலே தூக்கிச் சுடுவார்கள். யோசனை அபாரம், நடைமுறையில் தண்ணீர் புகுந்தது. இன்று பெரும்பாலும் கிணறு மாதிரி நிரம்பியிருக்கும். மூடி உளுத்திருந்தால் மேலே கால் வைக்காதீர்கள்.

இவற்றில் எப்போதாவது சண்டை நடந்ததா?

இல்லை. ஜெர்மானியப் படையெடுப்பு வரவேயில்லை. ஹிட்லர் 1940 ஜூலை 16 அன்று ‘கடற்சிங்கம்’ திட்டத்துக்கு உத்தரவிட்டார், செப்டம்பர் 17 அன்று தள்ளிப்போட்டார், பிறகு எடுக்கவில்லை.

கட்டும் வேகம் குறைந்ததற்குக் காரணம் வேறு. அயர்ன்சைடுக்குப் பதிலாக ஜூலையில் வந்த ஜெனரல் ஆலன் புரூக்குக்கு இந்த நீண்ட கோடுகளில் நம்பிக்கை இல்லை. ஒரு கோட்டை ஓரிடத்தில் உடைத்தால் மீதி முழுதும் வீண், ஆட்களைப் பெட்டிக்குள் அடைப்பதைவிட வண்டியில் ஏற்றி அடிக்கும் படையாக வைப்பது மேல் என்பது அவர் வாதம். கையில் இருந்த வேலைகளை முடித்தார்கள். முக்கியமான சாலைச் சந்திப்புகளில் உள்ள ஊர்களைச் சுற்றிலும் காக்கும் தீவுகளாக மாற்றினார்கள். டான்டன் கோட்டில் இல்மின்ஸ்டர் அப்படி ஓர் ஊர். 1942 வாக்கில் புதிய பில்பாக்ஸ் கட்டுவது நின்றது.

அயர்ன்சைடின் திட்டத்தைக் கேலி செய்வது இன்று எளிது. ஓட்ட வண்டி இல்லாதவரிடம் ஓடிப் போய் அடி என்று சொல்ல முடியாது. ஜூன் மாதத்தில் அவர் கையில் இருந்தது சிமென்ட்டும் ஆறும்தான்.

பார்த்தால் பில்பாக்ஸ் மாதிரி, ஆனால் இல்லை. எவை அப்படி ஏமாற்றும்?

சுடுதுளை இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட நீள அறை பெரும்பாலும் விமானத் தாக்குதல் பதுங்கிடம். வயலில் பச்சைப் பெயின்ட் அடித்த சதுரக் குழாயும் அதன் மேல் இரும்பு மூடியும் இருந்தால் அது பனிப்போர்க் காலத்து ராயல் அப்சர்வர் கோர் காவல் அறை. மூடிக்குக் கீழே ஏணி இறங்கும், அணுகுண்டு விழுந்தால் மூன்று பேர் அளவெடுக்க உட்காரும் இடம். பிரிட்டனில் 1,500-க்கு மேல் கட்டி, கடைசியாக இருந்தவற்றை 1991-இல் மூடினார்கள்.

உள்ளே போகலாமா?

பெரும்பாலானவை தனியார் நிலத்தில். பொது நடைபாதையை ஒட்டி இருந்தால் பாதையில் நின்று பார்க்கலாம், பாதையைவிட்டு விலகி உள்ளே நுழைய நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் பெரும்பாலும் ‘போய்ப் பாருங்கள்’ என்பார்கள். கேட்காமல் போனால்தான் முகம் சுளிப்பார்கள்.

டார்ச்சும் தடித்த காலணியும் கட்டாயம். வாசலில் நின்று முதலில் தரையைப் பாருங்கள். உடைந்த கண்ணாடி, முள்கம்பி, செத்த ஆடு, முழங்கால் ஆழச் சேறு எல்லாம் இயல்பு. உள்தரை வெளித்தரையைவிடத் தாழ்வாக இருப்பதால் மழைநீர் தங்கும், இருட்டில் ஆழம் தெரியாது. கூரையிலிருந்து தொங்கும் கம்பி சரியாகக் கண் உயரத்தில் வரும். சரிந்த பெட்டிக்குள் போகவே வேண்டாம். கடற்கரையில் மேலிருந்து மண்சரிவோடு இறங்கியவற்றின் கீழும் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. உள்ளூர்க் காவல் தொண்டர் படையான ஹோம் கார்டு, எஸ்.ஐ.பி. என்ற பாஸ்பரஸ் எறிகுண்டுகளைப் பெட்டி பெட்டியாக மண்ணில் புதைத்து வைத்தது. புதைத்த இடத்தை மறந்தும் போனது. சோடா பாட்டில் மாதிரி சின்னக் கண்ணாடிப் புட்டி, உள்ளே மஞ்சள் கலந்த திரவம், தலையில் சிவப்பு அல்லது பச்சை மூடி. கையால் எறிவது சிவப்பு, நார்தோவர் எறிகருவியில் போடுவது பச்சை. உடைந்து காற்றுப் பட்டவுடன் தானே தீப்பிடிக்கும். எண்பது வருடம் ஆனாலும் அந்தக் குணம் போகவில்லை, இன்றும் பள்ளம் தோண்டுகிறவர்கள் கண்டெடுக்கிறார்கள். அப்படி ஒன்று தெரிந்தால் தொடாமல் விலகி நின்று அவசர உதவி எண் 999-க்கு அழையுங்கள். ‘நினைவுக்கு ஒன்று’ என்று பையில் போட்டுக்கொள்ளும் பொருள் இல்லை.

கண்டதைப் பதிவு செய்ய என்ன எழுத வேண்டும்?

இடம் முதலில். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் கட்டக் குறியீட்டை, இரண்டு எழுத்துக்குப் பின் 10 இலக்கம் எழுதுங்கள். அது ஒரு மீட்டர் துல்லியம். 6 இலக்கம் எழுதினால் 100 மீட்டர் சதுரம், புதர்க் காட்டில் அடுத்து வருபவர் அரை நாள் தேடுவார். போன் செயலி எண்ணைக் கூரைக்குக் கீழே நின்று எடுக்காதீர்கள், கான்கிரீட்டுக்குள் சிக்னல் தடுமாறும்.

பிறகு பக்கங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு பக்கத்தின் நீளம், கான்கிரீட்டின் கனம், ஒவ்வொரு சுடுதுளையும் பார்க்கும் திசை. திசைகாட்டியைச் சுவரில் ஒட்டி வைத்தால் உள்ளே இருக்கும் கம்பி ஊசியை இழுக்கும், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். படம் எடுக்கும்போது அளவுகோல் ஒன்றை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பெட்டி நாய்க்கூண்டா வீடா என்று படத்தில் தெரியாது. கடைசியாக, துளையிலிருந்து வெளியே தெரிவதையும் ஒரு படம். பெரும்பாலானோர் மறப்பது இந்தப் படத்தைத்தான். அந்த அரண் எதற்காக அங்கே நின்றது என்பதைச் சொல்வதும் அதுதான்.

எல்லாவற்றையும் அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கு, ஹெச்.ஈ.ஆர். என்பார்கள், அனுப்புங்கள். ஏற்கெனவே பதிவு இருந்தாலும் இன்றைய நிலை அவர்களுக்குத் தேவை.

கான்கிரீட் ஏன் உரிகிறது? சரிசெய்யலாமா?

புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மேல் கான்கிரீட் சில்லாகப் பெயரும். அவசரத்தில் கம்பியைச் சுவரின் ஓரத்திலேயே கட்டிவிட்ட பெட்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். கடல் மணலைக் கழுவாமல் கலந்தவற்றில் உப்பே போதும், காரம் குறையும் வரை காத்திருக்காது.

பழுதைப் பார்க்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, பெயர்ந்த இடத்தில் மேலோடு சிமென்ட் பூசிவிடுவது. உள்ளே துரு தொடரும், இரண்டு மூன்று குளிர்காலத்தில் பூச்சோடு சேர்ந்து பழைய கான்கிரீட்டும் விழும். கம்பி முழுதாக வெளிப்படும்வரை தளர்ந்ததை எடுத்து, துருவைச் சுரண்டி, பழைய கலவையின் நிறத்துக்கும் ஜல்லி அளவுக்கும் பொருந்தும் கலவையால் அடைக்க வேண்டும். மணல் பீய்ச்சிக் கிறுக்கல்களை அழிக்க வேண்டாம், பலகை ரேகையும் போய்விடும். ஐவிக் கொடியைப் பிடித்து இழுத்தால் விரிசலுக்குள் இறங்கிய வேர் துண்டோடு வரும். அடித்தண்டை வெட்டிவிட்டு, காய்ந்து சுருங்கிய பிறகு எடுங்கள்.

கடற்கரையில் மருந்து இல்லை. யார்க்ஷயரின் ஹோல்டர்னஸ் கரை வருடத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் அளவில் கரைகிறது. மேட்டின் மேல் கட்டிய அரண்கள் இப்போது அலைக்குள் குப்புறக் கிடக்கின்றன. கென்ட்டில் ஷெப்பி தீவின் வார்டன் முனையிலும் அப்படித்தான். அங்கே செய்ய வேண்டியது விழும் முன் அளந்து வைப்பது.

என் நிலத்தில் ஒன்று இருக்கிறது. இடிக்கலாமா? வேறு எதற்காவது பயன்படுத்தலாமா?

முதலில் இங்கிலாந்துத் தேசிய மரபுப் பட்டியலில் தேடுங்கள், இணையத்தில் இலவசம். பட்டியலிட்ட கட்டடம் என்றால் உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும். ‘ஷெட்யூல்டு’ நினைவுச்சின்னம் என்றால் மரபுப் பாதுகாப்பு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வழியாக அரசின் அனுமதி வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. அனுமதியில்லாமல் கை வைப்பது குற்றம், ஷெட்யூல்டு இடத்தில் உலோகங்காணும் கருவியை எடுத்துக்கொண்டு அலைவதும் குற்றம். பட்டியலில் இல்லாவிட்டாலும் இயந்திரத்தை வரச் சொல்வதற்கு முன் திட்டமிடல் அலுவலகத்தைக் கேளுங்கள். செலவையும் யோசியுங்கள். 107 செ.மீ. கனச் சுவரை உடைக்கப் போன ஆள் பாதியில் கூலி உயர்த்திக் கேட்பார்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: வௌவாலுக்கு விட்டுவிடுவது. குளிர்காலத் துயிலுக்கு வௌவால் தேடுவது இருட்டு, ஈரம், ஏறாத இறங்காத குளிர். பில்பாக்ஸில் காற்று மட்டும் அதிகம். சுடுதுளைகளைச் செங்கல்லால் அடைத்து, ஒன்றிரண்டில் மட்டும் பறந்து நுழையக் கிடைமட்ட இடைவெளி விட்டு, வாசலுக்குக் கம்பிக் கதவு போடுவார்கள். கம்பிகள் படுக்கை வாட்டில், இடைவெளி பொதுவாக 13 முதல் 15 செ.மீ. நெட்டுக்கு நிறுத்தினால் சிறகை விரித்து நுழைய முடியாது. கூரையில் ஓட்டை போட்ட செங்கல்லையோ கரடான பலகையையோ தொங்கவிட்டால் தொற்றிக்கொள்ள இடம். அடைப்பதற்கு வலுக்குறைந்த சுண்ணாம்புக் காரையைப் பயன்படுத்துங்கள், பின்னால் எடுக்க வேண்டிவந்தால் பழைய கான்கிரீட் உடையாது.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே வௌவால் இருந்தால் கதையே வேறு. பிரிட்டனின் எல்லா வௌவால் இனங்களும் அவை தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்பில் உள்ளன, அந்த நேரத்தில் வௌவால் உள்ளே இல்லாவிட்டாலும் சரி. வேலை தொடங்கும் முன் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்திடம் உரிமம் தேவைப்படலாம்.

வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க எங்கே நல்லது?

ஒரே நாளில் கோடு என்றால் என்னவென்று புரிய, பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் அருகே கென்னட்-ஏவன் கால்வாய்க் கரையில் நடங்கள். டைப் 24 ஒன்றன்பின் ஒன்றாக வரும். சர்ரேயில் வேவர்லி மடத்தின் இடிபாடுகளைச் சுற்றி பில்பாக்ஸும் உருளைத் தடைகளும் உண்டு, நுழைவுக் கட்டணம் இல்லை. சஸ்ஸெக்ஸில் கக்மியர் ஹேவன் பள்ளத்தாக்கில் பல், சுவர், பள்ளம், பெட்டி என்று எல்லாமும் ஒரே பார்வையில் அமையும்.

டோர்செட்டின் ஸ்டட்லண்டில் உள்ள ஃபோர்ட் ஹென்றி இவற்றிலிருந்து வேறுபட்டது. 1943-இல் கனடியப் பொறியாளர்கள் கட்டிய 27 மீட்டர் நீளப் பார்வையறை. பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் படை இறங்குவதற்கான ஒத்திகையை 1944 ஏப்ரல் 18 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜ், சர்ச்சில், ஐசன்ஹோவர் ஆகியோர் இங்கிருந்து பார்த்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 4 அன்று, இதே வளைகுடாவில் மிதக்கும் டாங்கிகள் மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள்.

எந்த மாதம் போவது?

கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் டிசம்பர் முதல் மார்ச் வரை. தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியும் முட்புதரும் படுத்திருக்கும், கோடையில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாத பெட்டி அப்போது சாலையிலிருந்தே தெரியும். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை வௌவால் உறங்கும் காலம், எழுப்பிவிட்டால் சேமித்த கொழுப்பு தீர்ந்து வசந்தம் வரும் முன் செத்துவிடலாம். அதனால் குளிர்காலத்தில் வெளிச்சுவரை மட்டும் அளங்கள், உள்ளே ஏப்ரலுக்கு மேல் போங்கள். புதர் வெட்டும் வேலை இருந்தால் இன்னும் சிக்கல். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும், நவம்பரில் வௌவால் வந்துவிடும். மிஞ்சுவது செப்டம்பரும் அக்டோபரும்தான்.